பஃபெட்டின் கடிதங்கள்: பென்சிலோடு உட்கார்ந்து படித்த ஏழு மாதங்கள்

மதிப்பு முதலீட்டை (ஒரு தொழிலின் உண்மையான மதிப்பைக் கணித்து, அதைவிடக் குறைந்த விலையில் பங்கு வாங்குவதை) கற்றுக்கொள்ள எதைப் படிக்கலாம் என்று யார் கேட்டாலும் இனி என் பதில் ஒன்றுதான்: பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு, அதை நடத்திவந்த அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் ஆண்டுதோறும் எழுதிய கடிதங்கள். 1977ஆம் ஆண்டுக்கான கடிதம் தொடங்கி எல்லாமே அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. காசு கிடையாது, பதிவு செய்யச் சொல்வதும் கிடையாது. தளத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆண்டைச் சொடுக்கினால் கடிதம் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

வரிசையாக, ஒன்றையும் விடாமல் படித்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. காலையில் வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரம். கணக்கு வரும் இடங்களில் நிறுத்தி நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போனேன். இதைப் படிக்க அதுதான் சரியான வழி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். கதைபோல வாசித்துக்கொண்டே போனால் மேற்கோள்கள் மட்டுமே மனதில் தங்கும்.

இதில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன் நான்கு வருடம் பங்கு வாங்கிக்கொண்டிருந்தேன். ஸ்கிரீனரில் (பங்குகளை வடிகட்டும் கருவி) பி.இ., அதாவது விலை ஆண்டு லாபத்தைப்போல எத்தனை மடங்கு என்ற எண், பத்துக்குக் கீழே, சந்தை விலை புத்தக மதிப்புக்கு (கணக்குப்படி சொத்திலிருந்து கடனைக் கழித்த தொகை) கீழே என்று வடிகட்டி, மேலே வருவதை வாங்குவேன். மலிவாக வாங்குவதுதான் மதிப்பு முதலீடு என்று நம்பியிருந்தேன். அப்படி வாங்கியதில் ஒன்று இயந்திரங்கள் நிறைந்த ஒரு உற்பத்தி நிறுவனம். வாங்கும்போது பி.இ. ஆறுதான். ஒவ்வொரு காலாண்டும் லாபம் காட்டினார்கள். ஆனால் கடன் ஏறிக்கொண்டே போனது, பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்ட் குறைந்தது, பிறகு நின்றே போனது. லாபம் வருகிறதே, பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. மூன்றாவது வருடம் கிட்டத்தட்ட பாதி விலைக்கு விற்றுவிட்டு வெளியே வந்தேன். சேர்த்து வைத்த பணம் போன வருத்தத்தைவிட, ஏன் போனது என்று புரியாத வருத்தம்தான் அதிகம்.

விடை 1985, 1986 கடிதங்களில் இருந்தது.

பெர்க்‌ஷயர் தொடக்கத்தில் ஒரு துணி ஆலை. பஃபெட் 1965இல் அதைக் கைப்பற்றினார், இருபது வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு 1985இல் மூடினார். மூடிய கதையை அந்த ஆண்டுக் கடிதத்தில் எண்களோடு சொல்கிறார். 1981இல் ஒவ்வொன்றும் 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகள். 50 டாலருக்குக்கூட அவற்றைக் கேட்க ஆள் இல்லை. கடைசியில் பழைய இரும்பாக, தறி 26 டாலர் என்று தள்ளிவிட்டார்கள். கழற்றி எடுத்துப்போகும் செலவுக்கே அது போதவில்லை. அந்தத் தறிகள் ஓடும் நிலையில் இருந்தவை, பேலன்ஸ் ஷீட்டில் (சொத்து, கடன் கணக்கில்) சொத்து என்று நின்றவை. நான் புத்தக மதிப்பைப் பார்த்து வாங்கிய அத்தனை பங்குகளும் அந்த நிமிடம் கண்முன் வந்தன.

அதைவிட முக்கியம், ஏன் அப்படி ஆனது என்ற விளக்கம். புது இயந்திரம் வாங்கினால் செலவு குறையும் என்று காகிதத்தில் கணக்கு சரியாகவே வரும். ஆனால் போட்டியாளர்களும் அதே இயந்திரத்தை வாங்குகிறார்கள். மிச்சமான காசு விலைக்குறைப்பாக வாடிக்கையாளரிடம் போய்விடுகிறது. ஊர்வலம் பார்க்க ஒருவர் நுனிக்காலில் நின்றால் அவருக்குத் தெரியும், எல்லோரும் நுனிக்காலில் நின்றால் கால்வலிதான் மிச்சம். இந்த ஊர்வல உவமை அவர் சொன்னது, கால்வலி நான் சேர்த்தது. என் பணமும் அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

1986 கடிதத்தின் பின்னிணைப்புதான் இந்தக் குவியலிலேயே எனக்குப் பெரிய சொத்து. இரண்டு நிறுவனங்களின் கணக்கை அருகருகே வைக்கிறார். ஒன்றுக்கு O, மற்றதற்கு N என்று பெயர். O சம்பாதித்தது 4.02 கோடி டாலர், N சம்பாதித்தது 2.86 கோடி டாலர். எது அதிக மதிப்புள்ளது என்று கேட்கிறார். நான் பக்கத்தை மறைத்துவிட்டு O என்று நோட்டில் எழுதினேன். பிறகு படித்தால், இரண்டும் ஒரே நிறுவனம்! ஸ்காட் ஃபெட்சர் என்ற கம்பெனியை பெர்க்‌ஷயர் வாங்குவதற்கு முந்தைய கணக்கு முறையில் ஒரு லாபம், வாங்கியபின் வந்த கணக்கு முறையில் வேறொரு லாபம். அதே ஆலை, அதே ஊழியர்கள், அதே விற்பனை, கல்லாவில் அதே பணம். புத்தக மதிப்புக்கு மேல் கொடுத்த விலையைக் கணக்கில் பிரித்து எழுத வேண்டிய கட்டாயத்தால் தேய்மானம், குட்வில் (சொத்துகளுக்குப் பிரித்தபின் மிஞ்சும் கூடுதல் விலை) எல்லாம் மாறி லாபம் குறைந்து தெரிகிறது. நான் அந்த நோட்டை மூடிவைத்துவிட்டு அன்று வேறெதையும் படிக்கவில்லை.

அங்கேதான் உரிமையாளர் வருமானம் என்ற கணக்கைச் சொல்லித் தருகிறார். அறிவித்த லாபத்தை எடுத்துக்கொள். தேய்மானம் போல, பணம் கைமாறாமல் எழுதிய செலவுகளைத் திரும்பக் கூட்டு. பிறகு, தொழில் இப்போதிருக்கும் இடத்தையும் விற்பனை அளவையும் தக்கவைக்க வருடத்துக்குச் சராசரியாக எவ்வளவு மூலதனச் செலவு ஆகுமோ அதைக் கழி. மிஞ்சுவதுதான் உரிமையாளர் எடுத்துச் செல்லக்கூடிய பணம். கடைசி எண் ஒரு ஊகம்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

நான் விற்ற பங்கின் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடி எடுத்தேன். ஐந்து வருட லாபத்தின் கூட்டுத்தொகையை 100 என்று வைத்துக்கொண்டால் தேய்மானம் சுமார் 60. பணப்புழக்க அறிக்கையில் ஆலைக்கும் இயந்திரங்களுக்கும் போன தொகை 150. உற்பத்தி கூடவே இல்லை, ஆகவே அத்தனையும் இருந்த இடத்திலேயே நிற்கச் செய்த செலவு. மிச்சம் 10. பி.இ. ஆறு என்று நான் வாங்கியது உண்மையில் அறுபது மடங்கு விலைக்கு. அந்தக் கணக்குப் போட எனக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எண்களெல்லாம் நான் வாங்கிய அன்றே ஆண்டறிக்கையில் இருந்தவை.

இதற்கு மறுமுனையில் சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய் நிறுவனம். 1983, 2007 கடிதங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1972இல் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அப்போது தொட்டுப் பார்க்கக்கூடிய நிகரச் சொத்து 80 லட்சம் டாலர்தான், வரிக்குப் பிந்தைய லாபம் சுமார் 20 லட்சம். 2007இல் வரிக்கு முந்தைய லாபம் 8.2 கோடி டாலர், தொழிலில் இருக்கும் மூலதனம் 4 கோடி. இடைப்பட்ட 35 வருடத்தில் கூடுதலாகப் போட்டது வெறும் 3.2 கோடி. மற்றதெல்லாம் வேறு முதலீடுகளுக்குப் போனது. 1972 விலையை என் பழைய வடிகட்டியில் போட்டுப் பார்த்தேன். பி.இ. 12.5, விலை சொத்து மதிப்பைப்போல மூன்று மடங்கு. இரண்டு நிபந்தனையிலும் விழுந்து வெளியே போயிருக்கும். மலிவு என்ற சொல்லுக்கு நான் வைத்திருந்த பொருளே அன்றோடு மாறிவிட்டது. தன் ஆசான் பெஞ்சமின் கிரஹாம் வழியில் மலிவான பங்குகளைத் தேடிய பஃபெட், தொழில் கூட்டாளி சார்லி மங்கரோடு சேர்ந்து நல்ல தொழிலை நியாயமான விலைக்கு வாங்கும் வழிக்கு நகர்ந்த கதையும் இதுதான்.

சந்தை விலையை எப்படிப் பார்ப்பது என்பதற்கு 1987 கடிதத்தில் மிஸ்டர் மார்க்கெட் பகுதி இருக்கிறது. சந்தையை, தினமும் மனநிலைக்கேற்ப ஒரு விலை சொல்லும் கூட்டாளியாகக் காட்டும் இது கிரஹாம் சொன்ன உருவகம், பலருக்கும் தெரிந்ததே. எனக்கு அதைவிட 2013 கடிதத்தின் பண்ணைக் கதை நெருக்கமாக இருந்தது. 1986இல் பஃபெட் 400 ஏக்கர் பண்ணையை 2,80,000 டாலருக்கு வாங்கினார். விளைச்சலையும் செலவையும் மட்டும் கணக்குப் போட்டார். பக்கத்து நிலத்துக்காரர் தினமும் வேலியோரம் நின்று ஒரு விலையைக் கத்திக்கொண்டிருந்தால், குறைவாகச் சொல்லும் நாளில் வாங்கலாம், அதிகமாகச் சொல்லும் நாளில் விற்கலாம், இல்லாவிட்டால் பேசாமல் உழலாம். அதைப் படித்த வாரமே போனிலிருந்து விலை காட்டும் செயலியை எடுத்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. காப்பீட்டுத் தொழில் பற்றிய பக்கங்கள் ஏராளம். தனி முதலீட்டாளருக்கு அவை நேரடியாக உதவாது, வருடாவருடம் திரும்பவும் வரும். முழு நிறுவனங்களை வாங்கும் பேச்சுவார்த்தைகளும் அப்படித்தான், நமக்கு அந்த வாய்ப்பு வரப்போவதில்லை. ஒரு நிறுவனத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரை மதிப்பிட்டுக் காட்டும் பாடம் எங்கேயும் இல்லை. வருங்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர எந்த வட்டி விகிதத்தில் கழிப்பது, எத்தனை வருடம் பார்ப்பது என்று தேடுபவர்களுக்கு ஏமாற்றமே. கணக்கியல் அரிச்சுவடி தெரியாமல் 1980களின் கடிதங்களில் நுழைந்தால் பாதியில் நின்றுவிடுவீர்கள். லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், பணப்புழக்க அறிக்கை மூன்றும் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்பதை முதலில் கற்றுவிட்டு வாருங்கள். இன்னொன்று, அன்று குட்வில்லை வருடாவருடம் சிறிதுசிறிதாகக் கழிக்க வேண்டும் என்ற விதி இருந்தது, அமெரிக்காவில் 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் அந்தப் பின்னிணைப்புகளைப் படித்தால் குழப்பும்.

தவறுகளை எழுதியிருக்கும் விதத்துக்காகவே நான் இந்தக் கடிதங்களை மதிக்கிறேன். டெக்ஸ்டர் என்ற காலணி நிறுவனத்தை 1993இல் 43.3 கோடி டாலருக்கு வாங்கினார். அதன் பலம் என்று அவர் நினைத்தது சில வருடங்களிலேயே காணாமல் போனது. பணத்துக்குப் பதில் பெர்க்‌ஷயர் பங்குகளைக் கொடுத்திருந்ததால், பங்குதாரர்களுக்கு உண்மையான இழப்பு 350 கோடி டாலர் என்று 2007 கடிதத்தில் தானே கணக்குப் போட்டுச் சொல்கிறார். லாபம் ஈட்டிய பங்குகளைக் காட்டிப் பாடம் நடத்துபவர்கள் நிறையப் பேர். இழந்ததை இப்படிப் பெருக்கிக் காட்டும் ஆசிரியரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இத்தனையும் கற்றுத்தந்தவரே, பெரும்பாலானவர்களுக்கு இது வேண்டாம், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும், குறைந்த செலவுள்ள இண்டெக்ஸ் ஃபண்ட் போதும் என்கிறார். அதற்காகப் பந்தயமும் கட்டினார். 2008 தொடங்கி 2017 வரை பத்து வருடத்தில், அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் குறியீடான எஸ் அண்ட் பி 500இன் இண்டெக்ஸ் ஃபண்ட் 125.8 சதவீதம் ஏறியது. எதிர்த்து நின்ற, ஹெட்ஜ் ஃபண்டுகளில் (அதிகக் கட்டணம் வாங்கி நிபுணர்கள் நடத்தும் ஃபண்டுகள்) முதலீடு செய்யும் ஐந்து ஃபண்டுகளில் சிறந்தது 87.7 சதவீதம்தான். நானும் இப்போது சேமிப்பில் பெரும்பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டில் போடுகிறேன். கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு பகுதி மட்டும் வைத்திருக்கிறேன். இந்த வருடம் பதினொரு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்து ஒன்றைத்தான் வாங்கினேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 1977இலிருந்து போக வேண்டாம். 1985, 1986, 1987 மூன்றையும் முதலில் படியுங்கள். பிறகு 1983இன் குட்வில் பின்னிணைப்பு, தவறுகளின் பட்டியலுக்காக 1989, பாதுகாப்பு விளிம்பு (மதிப்புக்கும் வாங்கும் விலைக்கும் இடையே விட்டுவைக்கும் இடைவெளி) பற்றி 1992, அதன்பின் 1996, 2007, 2013. மற்றவற்றை வரிசையாக அப்புறம் பார்க்கலாம். 1986 பின்னிணைப்புக்கு வரும்போது மட்டும் உங்கள் கையில் இருக்கும் ஒரு பங்கின் ஐந்து வருட ஆண்டறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.