மானிட்டரை எந்தப் பெயரில் சேமிப்பது: போர்ட்டா, ஈடிஐடியா?

பல மானிட்டர்களில் ஓடும் மென்பொருள் எழுதுகிற எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். 'இந்த விண்டோ அந்தத் திரையில்தான் திறக்க வேண்டும்' என்று பயனர் தேர்ந்தெடுத்துவிட்டார். சரி, அந்தத் திரையை செட்டிங்ஸ் ஃபைலில் என்னவென்று எழுதி வைப்பது? நான் பராமரிக்கும் மென்பொருளில் ஒரு திரை இயக்குபவருக்கு, இன்னொன்று அரங்கத்துக்கு. இயக்குபவருக்கான குறிப்புகள் அரங்கத் திரையில் வந்து நின்றால் நிகழ்ச்சியே கெட்டுவிடும். அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். மானிட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் தகவலான ஈடிஐடிதான் முதல் அடையாளம். கேபிள் செருகியிருக்கும் இடத்தின் பெயரான போர்ட் பெயர் அதற்குத் துணை. திரைகளுக்கு 1, 2 என்று கணினி கொடுக்கும் வரிசை எண் வேண்டவே வேண்டாம்.

வரிசை எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கேபிளைக் கழற்றினாலே எண்கள் நகர்ந்துவிடும். விண்டோஸில் செட்டிங்ஸ் காட்டும் 1, 2 என்ற எண்களும், உள்ளே 'டிஸ்ப்ளே1' என்று வரும் சாதனப் பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேக்கில் பட்டியலின் முதல் திரை என்பது மெனு பார் இருக்கும் திரை. 'மெயின்' என்று கேட்டால் கிடைப்பதோ, அந்த நேரத்தில் கீபோர்டு கவனம் பெற்றிருக்கும் விண்டோ எந்தத் திரையில் இருக்கிறதோ அது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதிய நிரல்களை நிறையவே பார்க்கலாம்.

போர்ட் பெயருக்கு லினக்ஸ் பக்கம் ஆதரவாளர்கள் அதிகம். திரைகளைப் பட்டியலிடும் எக்ஸ்ரேண்டர் கட்டளையை ஓட்டினால் 'ஹெச்டிஎம்ஐ-1', 'டிபி-2' என்று பளிச்சென்று பெயர்கள் வரும். படிக்க எளிது, ஒரே கணினியில் ஒரே பெயர் இரண்டு முறை வராது. ஆனால் அந்தப் பெயரை வைப்பது கிராஃபிக்ஸ் டிரைவர். கணினியின் பின்னால் இருக்கும் ஒரே ஓட்டையை 'மோட்செட்டிங்' என்ற பொதுவான டிரைவர் 'ஹெச்டிஎம்ஐ-1' என்னும். என்விடியாவின் சொந்த டிரைவரில் அது 'ஹெச்டிஎம்ஐ-0' ஆகலாம். பழைய இன்டெல் டிரைவரில் நடுவில் கோடே இல்லாமல் 'ஹெச்டிஎம்ஐ1'. லினக்ஸின் மையமான கர்னல் வைக்கும் பெயர் 'ஹெச்டிஎம்ஐ-ஏ-1', லினக்ஸில் திரையில் விண்டோக்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்டில் பெரும்பாலும் வருவது இதுதான். உபுண்டு 21.04-இல் வேலேண்ட் இயல்பான தேர்வானபோது, யாரும் கேபிளைத் தொடாமலேயே சேமித்த பெயர் செல்லாமல் போகும் நிலை வந்தது. வேலேண்ட் நெறிமுறையின் ஆவணமே, இந்தப் பெயர் அடுத்த அமர்விலும் அப்படியே இருக்கும் என்று நம்பி ஃபைலில் எழுதாதீர்கள் என்கிறது. ஒரே கேபிளில் பல போர்ட்டுகளைத் தரும் டிஸ்ப்ளேபோர்ட் டாக் ஒன்றைச் செருகினால் இன்னும் மோசம். கழற்றி மாட்டும்போது டிபி-5 இருந்த இடத்தில் டிபி-7 வந்து உட்காரும்.

ஆனாலும் ஒரு இடத்தில் போர்ட் பெயர்தான் சரி. கட்டுப்பாட்டு அறை மாதிரி, கேபிள்கள் சுவரோடு பதிந்துவிட்ட, மானிட்டர் பழுதானால் அதே இடத்தில் வேறொன்றை மாட்டும் அமைப்பில், அடையாளம் அந்த இடத்துக்குத்தான், மானிட்டருக்கு இல்லை.

மற்ற எல்லா இடத்துக்கும் நான் ஈடிஐடி பக்கம். ஒவ்வொரு மானிட்டரும் தன்னுள் வைத்திருக்கும் குறைந்தது 128 பைட் கொண்ட தகவல் அது. கணினி அதைக் கேபிள் வழியாகப் படிக்கிறது. தயாரிப்பாளர் யார் என்பது இரண்டே பைட்டுகளில் அடங்கிவிடும். டெல் மானிட்டரில் அந்த பைட்டுகள் 16, 172. பதினாறு பிட்டுகளாக விரித்து முதல் பிட்டை விட்டுவிட்டால், ஐந்தைந்து பிட்டாக 4, 5, 12 என்று வரும். ஆங்கில அகரவரிசையில் எண்ணிப் பாருங்கள்: டி, ஈ, எல். எல்ஜி மானிட்டர்களில் அதே கணக்குப்படி ஜி, எஸ், எம் கிடைக்கும். எல்ஜியின் பழைய பெயரான கோல்ட்ஸ்டார் காலத்துக் குறியீடு இன்னும் தொடர்கிறது. அடுத்து மாடல் குறியீடு, சீரியல் எண், தயாரித்த வாரம், 1990-இலிருந்து எண்ணப்படும் ஆண்டு. பிற்பகுதியில் 13 எழுத்துக்குள் மாடல் பெயர். பயனருக்குக் காட்டவும் இந்தப் பெயர்தான் நல்லது. 'டிபி-2' என்பதைவிட மானிட்டரின் முகப்பில் அச்சிட்டிருக்கும் மாடல் அவருக்கு உடனே புரியும்.

இதை எடுக்கும் வழி மட்டும் ஒவ்வொரு இயங்குதளத்திலும் வேறு. லினக்ஸில் சிஸ் கோப்பகத்தில் டிஆர்எம் என்ற பகுதிக்குள் ஒவ்வொரு இணைப்புக்கும் ஈடிஐடி என்றே ஒரு ஃபைல் இருக்கும், நேராகப் படிக்கலாம். மேக்கில் 10.15 பதிப்பு முதல் என்எஸ்ஸ்கிரீன் என்ற நிரல் வகுப்பு, பயனரின் மொழிக்கேற்ற பெயரைக் கொடுக்கிறது. தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண்கள் மேக்கின் கோர் கிராஃபிக்ஸ் நூலகத்தில் கிடைக்கும். அங்கே வரும் டிஸ்ப்ளே ஐடியைச் சேமிக்காதீர்கள், ரீஸ்டார்ட் செய்தால் மாறலாம். விண்டோஸில் பழைய வழியில் போனால் பெரும்பாலும் 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' என்ற பெயர்தான் வரும். விண்டோஸ் 7-இல் வந்த க்வெரிடிஸ்ப்ளேகான்ஃபிக் என்ற செயற்கூறு வழியாகப் போனால்தான் உண்மைப் பெயர் கிடைக்கும். கூடவே நீளமாக ஒரு சாதனப் பாதையும் வரும். தனித்துவமாகத் தெரிந்தாலும் அதன் கடைசிப் பகுதி போர்ட்டைப் பொறுத்தது. அதையே நம்பினால் திரும்பவும் போர்ட் பெயர் கதைதான். மூன்று தளத்துக்கும் மென்பொருள் எழுத உதவும் க்யூட்டி நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 5.9 பதிப்பிலிருந்து தயாரிப்பாளர், மாடல், சீரியல் மூன்றும் தனித்தனியாக உண்டு. அதன் 'நேம்' புலத்தை அடையாளமாகக் கொள்ள வேண்டாம் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

இனி ஈடிஐடியின் பலவீனம். இதில் நேரத்தைச் செலவழிக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். அலுவலகங்களில் ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்குவதுதான் வழக்கம். சீரியல் வேறாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் சில தயாரிப்புகள் சீரியலை நிரப்புவதே இல்லை. பூஜ்யம் இருக்கும், அல்லது 16843009 இருக்கும். எண்ணைப் பார்த்தால் நிஜ சீரியல் போலத் தோன்றும். நான்கு பைட்டிலும் 1 என்று எழுதினால் கிடைப்பது அது. இந்த இரண்டு மதிப்பையும் 'சீரியல் இல்லை' என்றே நடத்துங்கள். எழுத்து வடிவில் தனியாக ஒரு சீரியல் இருக்கிறதா என்று பாருங்கள், பல மானிட்டர்களில் உண்மையான எண் அங்கேதான் இருக்கும். அதுவும் இல்லாத இரட்டையரைப் பிரிக்கத்தான் போர்ட் பெயர். நடுவில் ஒரு படத்தைப் பல திரைக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரோ, பல கணினிகளுக்கு ஒரே கீபோர்டையும் திரையையும் பகிரும் கேவிஎம் சுவிட்சோ இருந்தால் அது தன் சொந்த ஈடிஐடியைக் காட்டிவிடலாம், அப்போது இரண்டு ப்ரொஜெக்டரும் ஒரே பெயரில் வந்து நிற்கும். மடிக்கணினியின் சொந்தத் திரைக்குப் பல நேரம் பெயரே இருக்காது. 'உள் திரை' என்று நாமே பெயர் வைத்துவிடலாம்.

ஆக, நான் சேமிப்பது இவ்வளவுதான்: தயாரிப்பாளர், மாடல் குறியீடு, நம்பத்தக்க சீரியல் இருந்தால் அது, போர்ட் பெயர், கடைசியாக இருந்த இடமும் அளவும். தேடும்போதும் இதே வரிசை. முதல் மூன்றும் பொருந்தி ஒரே ஒரு திரை கிடைத்தால் போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. லினக்ஸிலும் விண்டோஸிலும் இது நன்றாகவே ஓடுகிறது. மேக்கில் என் அனுபவம் ஒரு மடிக்கணினியும் நேராக மாட்டிய மானிட்டர்களும் மட்டுமே என்பதால், டாக் வைத்து இரட்டை மானிட்டர் ஓட்டுகிறவர்கள் தங்கள் இடத்தில் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

எதுவுமே பொருந்தாவிட்டால் ஊகிக்க வேண்டாம். அரங்க விண்டோவைத் திறக்காமல் வைத்து, ஒவ்வொரு திரையிலும் அதன் மாடல் பெயரையும் ஒரு எண்ணையும் பெரிதாகக் காட்டி, எது அரங்கம் என்று இயக்குபவரையே கேளுங்கள்.