கிர்கெனெஸ் – வாட்சோ விமானம்: 15 நிமிடம் என்பது பாதிக் கணக்குதான்

நார்வேயின் வடகிழக்கு மூலையில், வராங்கர் ஃபியோர்டு என்ற கடல் நுழைவின் தென்கரைப் பக்கம் கிர்கெனெஸ், வடகரையில் வாட்சோ. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 38 கி.மீ.தான். சாலையிலோ கடலைச் சுற்ற வேண்டும்: இ6 நெடுஞ்சாலையில் வராங்கர்பொட்ன் ஊர் வரை போய் இ75 நெடுஞ்சாலையில் திரும்பினால் 170 கி.மீ.க்குச் சற்று மேல்.

தூரமும் நேரமும் கணக்கிட்டுத் தரும் இணையப் பக்கங்களை இந்த வழித்தடத்துக்கு நம்ப வேண்டாம். பல பக்கங்கள் மணிக்கு 800 கி.மீ. பறக்கும் ஜெட் என்று வைத்துக்கொண்டு, ஏற இறங்க அரை மணி சேர்க்கின்றன. அப்படிப் பார்த்தால் 33 நிமிடம் வரும். வாட்சோ ஓடுபாதையின் நீளமே சுமார் 1 கி.மீ.தான்; பெரிய ஜெட் அங்கே இறங்காது. வீடெரோ நிறுவனம் ஓட்டுவது 39 இருக்கைகள் கொண்ட டேஷ் 8 விசிறி விமானம். அதன் வேகம் 500 கி.மீ.யை ஒட்டித்தான், ஆனாலும் ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடுவதால் கால் மணியில் அக்கரை.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். கிர்கெனெஸ் ஊரிலிருந்து ஹோய்புக்ட்மோயென் விமான நிலையத்துக்குக் காரில் கால் மணிக்கு மேல் ஆகும். முக்கால் மணி முன்னதாக இருப்பது நல்லது. இறங்கியபின் பெட்டிக்குப் பத்து நிமிடம், ஊருக்குள் போக இன்னும் ஐந்து நிமிடம். ஆக ஒன்றரை மணி. நல்ல சாலையில் கார் இரண்டே கால் மணியில் போய்விடும். மூன்று பேர், நிறைய மூட்டை என்றால் காரே மேல். ஆஸ்லோவிலிருந்து ஜெட்டில் வந்து கிர்கெனெஸில் இறங்கி அப்படியே மாறுபவருக்குத்தான் இந்த விமானம் முழு லாபம்.

உள்ளே வரிசைக்கு இரண்டு இரண்டாக இருக்கைகள். இறக்கை மேலே இருப்பதால் கீழே கடல் தடையின்றித் தெரியும். விசிறிக்கு நேரான வரிசைகளில் மட்டும் இரைச்சல் காதைத் துளைக்கும். தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டு சின்னது. சக்கரம் வைத்த கைப்பெட்டியை ஊழியர்கள் விமானத்தடியிலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடக்கூடும், அதனால் மருந்து, மடிக்கணினி, சார்ஜர் ஆகியவற்றைத் தனிப் பையில் வையுங்கள். பலகாரம், பானம் எதிர்பார்க்கிற பயணம் இல்லை இது.

சிக்கல் வருவது குளிர்காலத்தில்தான். இந்த விமானங்கள் டவுன் பஸ் மாதிரி ஊர் ஊராக நின்று போகிறவை. எங்கோ ஒரு கரையோர ஊரில் பனிப்புயலோ குறுக்குக் காற்றோ வந்தால், இங்கே வானம் தெளிவாக இருந்தும் விமானம் தாமதமாகும். வாட்சோவில் இறங்க முடியாவிட்டால் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவதும் உண்டு. அதே புயல் சாலையையும் மூடக்கூடும் என்பதால், நவம்பர் முதல் மார்ச் வரை முக்கிய வேலையை வந்திறங்கிய நாளிலேயே வைக்காதீர்கள். முன்பதிவில் இன்னொரு பொறி: நேரடி இருக்கை தீர்ந்ததும் தேடல் பக்கம் டிரோம்சோ வழியாக மணிக்கணக்கில் சுற்றும் பயணத்தை நீட்டும். பயண நேரத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கடல் வழியும் உண்டு, ஆனால் ஒரு திசைக்கு மட்டும். வடக்கு நோக்கி வரும் கரையோரக் கப்பல் காலையில் வாட்சோவில் நின்று, சுமார் இரண்டு மணி நேரத்தில் கிர்கெனெஸ் சேரும். திரும்பும்போது வாட்சோவைத் தொடாமல் நேரே வார்டோ என்ற ஊருக்குப் போய்விடும்.