தாழ்வாரத் தொட்டிக்கு எந்தக் காப்பிச் செடி: அராபிகா, ரொபஸ்டா, லைபீரிகா

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் காப்பி வளர்க்க விரும்புபவர்கள் சுவையை நினைத்து அராபிகாவைத் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வெப்பம். எத்தியோப்பிய மலைக்காட்டுச் செடியான அராபிகாவுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் உகந்தது. சிங்கப்பூரில் விடியற்காலையில்கூட 23க்குக் கீழே இறங்குவது அரிது. செடி சாகாது, இலையும் பளபளக்கும். ஆனால் சூட்டில் மொட்டு சரியாக விரியாமல் கருகும், இலைத்துரு நோயும் எளிதில் தொற்றும். அதன் பெரிய பலம், தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. ஒரே தொட்டிக்குத்தான் இடம் என்றால், அராபிகாவிலேயே குட்டையான, துருவை ஓரளவு தாங்கும் கட்டிமோர் ரகத்தை வாங்குங்கள்.

ரொபஸ்டா தாழ்நிலச் செடி. 22 முதல் 30 டிகிரி அதற்குப் போதும். நம் வானிலைக்கு இதுவே என் முதல் தேர்வு. ஆனால் ஒற்றைச் செடி பூத்துக் குலுங்கினாலும் காய்க்காது, தன் மகரந்தத்தை அது ஏற்பதில்லை. ஒரே தாய்ச்செடியின் இரண்டு பதியன்களும் உதவா; விதையிலிருந்து வந்த இரண்டு வெவ்வேறு செடிகள் வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பூக்க, மொட்டு தென்பட்டதும் இலை லேசாகத் துவளும்வரை நீரைக் குறைத்து, பிறகு ஒரே நாளில் இரண்டுக்கும் நன்றாக ஊற்றுங்கள். ஏறத்தாழ பத்து நாளில் பூக்கும். பூ ஓரிரு நாளில் வாடிவிடும் என்பதால் அன்று காலையே மென்தூரிகையால் மகரந்தத்தை மாற்றித் தடவ வேண்டும். உயரத்தை ஒன்றரை மீட்டரில் கிள்ளி நிறுத்தி, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைவழி விட்டு வையுங்கள்.

ஜொகூரில் பரவலாக விளையும் லைபீரிகா நம் சூட்டையும், சதுப்புநிலக் கரிமண்ணையும் தாங்கும். ஆனால் அது மரம். சமூகத் தோட்டத்துக்குச் சரி, தொட்டிக்கு வேண்டாம்.

எதுவானாலும் விதை புதிதாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் பச்சைக் கொட்டை பெரும்பாலும் முளைக்காது. பழத்தைப் பிதுக்கி, காகிதம் போன்ற மேலோட்டை உரித்து, தட்டைப் பக்கம் கீழாக ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் முளைக்கும். காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும்.

மேற்கு வெயில் இலையைத் தீய்க்கும். காலை வெயில் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்: கொசு பெருகும், வேரும் அழுகும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், உடனே உரத்தைக் கூட்ட வேண்டாம். மண்ணில் காரம் ஏறி, செடியால் இரும்பை உறிஞ்ச முடியவில்லை. சுண்ணாம்பு கலந்த மண்ணை மாற்றி, காரஅமில அளவை (pH) 5.5 முதல் 6.5க்குள் கொண்டுவந்தால் அடுத்த தளிர் பச்சையாக வரும்.