புனலூர் லிவர் கிளினிக்: டோக்கன் தொல்லை, டாக்டர் அருமை

எனக்கு ஹெபடைட்டிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். தினம் ஒரு டெனோபோவிர் மாத்திரை. புளியங்குடி எலுமிச்சையைக் கேரளத்துப் புனலூருக்கு லோடு அனுப்புவதுதான் தொழில் என்பதால், வைத்தியமும் அங்கேயே. செங்கோட்டை, தென்காசிக்காரர்கள் நிறையப் பேர் அந்த கிளினிக்குக்கு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். டோக்கன் விடிந்ததும் தீர்ந்துவிடும், போனில் தரமாட்டார்கள். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டால், கவுண்டரில் "வரும் சேட்டா" என்பதோடு சரி.

டாக்டர் அப்படி இல்லை. ஜீனையே அணைக்கும் ஊசி வந்துவிட்டதாம், வைரஸ் ஒழிந்ததாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நீட்டினேன். சிரிக்கவில்லை. சீட்டின் பின்பக்கம் ஒரு கல்லீரல் செல்லை வரைந்தார். நடுவே வைரஸின் மூலப் பிரதி. அதிலிருந்து கிளம்பி, புரதம் செய்யச் சொல்லும் நகலான எம்ஆர்என்ஏவுக்கு ஒரு கோடு. நாம் விழுங்கும் மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். மேலுறைப் புரதம் அதுபாட்டுக்கு உற்பத்தியாகும். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் மாறாமல் நிற்பது அதனால்தானாம். இந்த ஊசி வெட்டுவது அந்தக் கோட்டை. மூலப் பிரதி அப்படியே இருக்கும்.

"மருந்துச் சோதனையோட முதல் கட்டத்தில குணமாகுதான்னு பார்க்கறதில்ல அண்ணாச்சி. கொடுத்தா ஆளுக்கு ஒண்ணும் ஆகலியான்னுதான் முக்கியமா பார்ப்பாங்க" என்றார். சிலருக்கு மட்டும் சின்ன டோஸ். லிவர் என்சைம், கிட்னி எல்லாம் சரியாக இருந்தால்தான் அடுத்த டோஸ். இதே வகையில் ஏஆர்சி-520 என்றொரு மருந்து நோயாளிகள் வரைக்கும் போய், 2016ல் நின்றதாம். அதிக டோஸ் கொடுத்த குரங்குகள் செத்ததுதான் காரணம். சந்தேகம் மருந்தைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பொருள்மேல். பிறகு வந்தவற்றில் பலவும் அந்தப் பொருளை விட்டுவிட்டு, கல்லீரல் இழுத்துக்கொள்ளும் ஒரு சர்க்கரையை ஒட்டித் தோலுக்கடியில் போடுபவை. இவ்வளவும் ஒரே கன்சல்டேஷன் ஃபீஸில்!

கீழாநெல்லியையும் விடவில்லை நான். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1988ல் லான்செட் மருத்துவ இதழில் நல்ல பலன் என்று எழுதியது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் மற்ற இடங்களில் செய்து பார்த்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை, அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். ஏஎல்டி என்ற லிவர் என்சைம் அளவை வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மாத்திரையை அங்கே வாங்க வேண்டாம், தென்காசியில் ஜெனரிக் மலிவு.