லுணுகங்க தோட்டம்: காணி வெட்டுமுன் ஒருதடவை பார்த்துவிட்டு வாருங்கள்

திருகோணமலையில் வீட்டுப் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று எங்கே காணி பார்க்கப் போனாலும் அனேகமாக ஒரே கதைதான். நான் போய்ச் சேருமுன்பே ஜேசிபி வந்து வேம்பு, புளி, பனை எல்லாவற்றையும் வழித்துத் தள்ளியிருக்கும். வெறும் மணலில் நின்றுகொண்டு, "வீட்டை எந்தப் பக்கம் பார்த்து வைக்கலாம், தங்கச்சி?" என்று கேட்பார்கள். பெந்தோட்டையில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் லுணுகங்க தோட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வந்த பிறகு, அப்படிக் கேட்கிறவர்களிடம் முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தெத்துவ ஏரிக்கரையில் இருக்கிறது தோட்டம். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாத் தோட்டம், ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர்த் தோட்டம். 1948 இல் பாவா இதை வாங்கியபோது அவர் ஒரு சட்டத்தரணி. இந்த நிலத்தைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் கட்டடக்கலை படிக்கப் போனார். 1957 இல் லண்டனில் படித்து முடித்தபோது அவருக்கு 38 வயது. கோட்டேயில் தண்ணீருக்கு நடுவே நிற்கும் நாடாளுமன்றம் உட்பட எத்தனையோ கட்டடங்களைப் பிறகு கட்டினார். ஆனாலும் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் இந்தத் தோட்டத்தில் கைவைத்தபடியே இருந்தார். 2003 இல் காலமானார்.

வீடு பெரிய மாளிகை என்று நினைத்துப் போகவேண்டாம். பழைய தோட்டத்துப் பங்களா அது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, தாராளமான விறாந்தை, எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு மரமோ தண்ணீரோ தெரியும். வீட்டுக்குள்ளே அதிகம் சொல்ல இல்லை. விஷயம் வெளியேதான்.

தென்பக்க விறாந்தையில் நின்று பார்த்தால் புல்தரை மெல்ல இறங்கி, பிறகு ஏறி, ஒரு சின்னக் குன்றாகிறது. கறுவாக் குன்று என்கிறார்கள். அதன் மேலே ஒரு மகிழமரம், மரத்தடியில் பெரிய சீனச் சாடி. சாடிக்கு நேர் பின்னால் ஏரி, ஏரிக்கு அப்பால் தூரத்தில் கட்டகுளிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் (பௌத்தத் தூபி). எல்லாம் ஒரே கோட்டில். இது தானாக அமைந்ததில்லை. குன்றின் உச்சியைச் சீவி இறக்கித்தான் அந்தத் தாதுகோபத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறார். விகாரை அவருடையதல்ல, ஏரி அவருடையதல்ல, ஆனால் இரண்டும் அவருடைய முற்றத்துக்குள் வந்துவிட்டன.

அதைவிட என்னை அசத்தியது ஊர்ப்பாதை. வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ச்சனம் போய்வரும் ஒரு பாதை குறுக்கே ஓடுகிறது. எங்கள் ஊரில் என்றால் அந்தப் பாதையோரம் எட்டடி மதில் எழும்பியிருக்கும். பாவா பாதையைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டார். நாங்கள் நின்ற நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் போன சத்தம் நன்றாகக் கேட்டது. ஆளையும் காணோம், பாதையையும் காணோம், புல்தரை மட்டும் அறுபடாமல் குன்றுவரை போகிறது. கிட்டப் போன பிறகுதான் அந்த வெட்டுப்பள்ளம் தெரிந்தது. நிலமட்டம் எடுக்கிறவர்கள் அங்கேயே ஒரு மணித்தியாலம் நிற்கலாம்.

அம்மாவுக்கு மட்டமும் கோடும் பெரிதாகப் படவில்லை. மகிழமரத்தைக் கண்டதும் அவவுக்குக் கால்நோ மறந்துபோயிற்று. குனிந்து, காய்ந்து கிடந்த பூக்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினா. மகிழம்பூ வாடினாலும் வாசம் போகாது. பாவாவின் சாம்பலும் அந்தக் குன்றில்தான் சேர்ந்திருக்கிறது என்று தோட்டம் காட்டிய தம்பி சொன்னதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றா.

வடக்குப் பக்கம் ஏரியைப் பார்த்த மேட்டில் ஒரு பழைய ஈழத்தலரி. கோயில் வீதிகளில் அந்த மரத்தை நிறையக் கண்டிருக்கிறோம். இங்கே அதன் கொப்புகள் மேலே போகாமல் பக்கவாட்டில் நீண்டு, முழங்கை மடித்ததுபோல் வளைந்து, திரும்ப எழும்புகின்றன. இளங்கொப்பாக இருந்த காலத்தில் பாரம் கட்டித் தொங்கவிட்டு அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு கொப்பு தான் நினைத்த பக்கம் போக எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்!

கீழே வயல், தண்ணீர்த் தோட்டம், ஏரியோரம் படுத்திருக்கும் சிறுத்தைச் சிலை எல்லாம் உண்டு. பூந்தோட்டம் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பச்சையும் நிழலும் தண்ணீரும்தான் இங்கே. ஆங்காங்கே மேசை போட்ட இடங்களில் மணி தொங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாதம். எந்த மணி அடிக்கிறது என்பதை வைத்தே, ஐயா எங்கே இருக்கிறார், தேநீரை எங்கே கொண்டுபோவது என்று வேலையாட்கள் தெரிந்துகொள்வார்களாம்.

அப்புறம், பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவின் வீடு. 1960களின் தொடக்கத்தில் பாவா கொழும்பில் கட்டிய வீடு இது. நடுமுற்றத்தைச் சுற்றிய அமைப்பு, எங்கள் நாற்சார் வீட்டுக்கு உறவு. கொழும்புக் காணி கைமாறியபோது இடித்துக் குப்பையில் போடாமல், கல், ஓடு, மரம், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். 2016 இல் திறந்தார்கள். முற்றத்தில் நின்றபோது, திருகோணமலை நகருக்குள் என் கண்முன்னே இடிபட்ட நாற்சார் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. அவற்றின் தூணையாவது யாராவது எடுத்து வைத்தார்களா?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தோட்டத்தை வழிகாட்டியோடுதான் சுற்றலாம், அதற்குக் குறித்த நேரங்கள் உண்டு, முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும் மாதங்களில் அங்கே மழை. தை, மாசி நல்லது. ஏற்றமும் படியும் நிறைய, ஈரத்தில் பாசி வழுக்கும், வயதானவர்களுக்குப் பிடிமானமான செருப்புக் கட்டாயம். இரவு ரயிலில் கொழும்புக் கோட்டையில் இறங்கி, கரையோர ரயிலில் அளுத்கமவுக்குப் போய், அங்கிருந்து ஓட்டோ பிடிப்பது சுகம். ஏறுமுன் கூலியைப் பேசிவிடுங்கள்.

அரைநாள் மிஞ்சினால் அண்ணன் பெவிஸ் பாவாவின் பிரீஃப் தோட்டத்தையும் பாருங்கள், தூரமில்லை. அவர் 1929 இல் தொடங்கியது. தம்பிக்குத் தோட்ட ஆசை அதைப் பார்த்துத்தான் வந்தது. அங்கே செடிகள் நெருக்கம், இங்கே வெளி. இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் நான் லுணுகங்கவுக்கே போவேன்.