ஓடையா, டைம்லைனா, மின்மடலா: யாரை எதில் பின்தொடர்வது?

பிடித்த தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் காட்டும் செயலிக்கு ஓடை வாசிப்பான் என்று பெயர், என்னுடையதில் 140 சொச்சம் வலைப்பூக்கள் இருக்கின்றன. அதில் பாதி எழுதுவதை நிறுத்திவிட்டவை, இருந்தும் ஒன்றைக்கூட நான் நீக்கியதில்லை. போன மாதம் அவற்றில் ஒன்று, ஏரி மதகுகளையும் கலிங்குகளையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஒருவருடையது, ஏழு வருட மௌனத்துக்குப் பிறகு ஒரு புது இடுகையோடு பட்டியலின் மேலே வந்து நின்றது. நீளமான இடுகை, அவரே எடுத்த படங்களோடு. அதே மனிதரை ஒரு சமூக ஊடகத்திலும் பின்தொடர்கிறேன். அங்கேயும் அவர் அதன் சுட்டியைப் போட்டிருந்தார், ஆனால் என் கண்ணில் படவே இல்லை. தேடிப்போய் அவர் பக்கத்தைத் திறந்த பிறகுதான், அது வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது என்று தெரிந்தது.

இந்த ஒரு சம்பவத்திலேயே நான் சொல்ல வருவது பாதி வந்துவிட்டது. ஒருவர் எழுதுவதைத் தொடர்ந்து படிக்க இன்று மூன்று பெரிய வழிகள் இருக்கின்றன: செய்தியோடை, சமூக ஊடக டைம்லைன், மின்னஞ்சலில் வந்து சேரும் நியூஸ்லெட்டரான மின்மடல். தமிழில் எழுதிப் படித்தவர்களுக்கு நாலாவதாகத் திரட்டி என்று ஒன்றும் இருந்தது, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். என் பக்கம் எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நிதானமாக யோசித்து எழுதுகிறவர்களைப் படிக்க ஓடையை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் அது ஜெயிக்கவில்லை, இரண்டு இடங்களில் நன்றாகவே தோற்கிறது.

ஓடை என்பது மிக எளிய சமாச்சாரம். தளத்தின் ஓரத்தில் கிடக்கும் ஒரு எழுத்துக் கோப்பு, அதில் கடைசிப் பத்து இருபது இடுகைகளின் தலைப்பு, தேதி, சுட்டி, பல நேரம் முழு உரையும் இருக்கும். உங்கள் வாசிப்பான் மணிக்கொரு தரமோ என்னவோ அங்கே போய், போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பிவிடும், அதோடு பேச்சு முடிந்தது. எழுதுகிறவரிடம் நீங்கள் பெயரோ மின்னஞ்சலோ கொடுக்க வேண்டியதில்லை, நிறுத்த நினைத்தால் யாரிடமும் சொல்லவும் வேண்டியதில்லை. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் ராமநாதன் குஹாவும் டான் லிபியும் ஆர்எஸ்எஸ் (RSS) என்ற பெயரில் இதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். குஹா சென்னை ஐஐடியில் படித்தவர், இது நம்மூரில் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டிய விஷயம். அதன் பிறகு டேவ் வைனர் என்ற மென்பொருள்காரர் ஒரு கிளையை வளர்த்து 2002-இல் ஆர்எஸ்எஸ் 2.0 என்று நிறுத்தினார், இன்னொரு குழு 2000 டிசம்பரில் ஆர்எஸ்எஸ் 1.0 வெளியிட்டது, பின்னாளில் இணையச் செயற்பாட்டாளராக அறியப்பட்ட ஆரன் ஸ்வார்ட்ஸ் அந்தக் குழுவில் இருந்தபோது அவருக்கு வயது 14. 2005-இல் ஆட்டம் என்று மூன்றாவது வடிவம் வந்தது. இந்த வடிவச் சண்டை அப்போது பெரிதாக இருந்தது, இன்று வாசகருக்கு அதனால் ஒன்றுமில்லை, எல்லா வாசிப்பான்களும் எல்லாவற்றையும் படித்துவிடும்.

இந்த எளிய கோப்பு செய்த பெரிய மாற்றம் என்னவென்றால், எப்போதாவது எழுதுகிறவருக்கும் அது ஒரு இடம் கொடுத்தது. அதற்கு முன்னால் ஒரு தளத்தில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் போய்ப் பார்க்க வேண்டும், நாலு தடவை ஏமாந்தால் ஐந்தாவது தடவை போக மாட்டீர்கள், அதனால் தினமும் எதையாவது போடுகிற தளத்துக்குத்தான் ஆள் வரும். ஓடை வந்த பிறகு வருடத்துக்கு இரண்டு கட்டுரை எழுதுகிற கல்வெட்டு ஆர்வலரும் தினம் மூன்று போடுகிறவரும் வாசிப்பானில் ஒரே மாதிரி ஒரு வரியாக நின்றார்கள். ஒரு மனிதர் இருநூறு பேரைச் சிரமமில்லாமல் பின்தொடர முடிந்தது. பத்திரிகை ஆசிரியரின் அனுமதி, பக்க அளவு, வாரக் கெடு இவை எதுவும் இல்லாமல் ஒரு யோசனை எழுதினவரிடமிருந்து நேராக வாசகரிடம் போய்ச் சேர்ந்தது.

டைம்லைன் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. முகநூல் தன் நியூஸ்ஃபீடை 2006 செப்டம்பரில் கொண்டுவந்தது, ட்விட்டரும் அதே வருடம்தான் பிறந்தது. ட்விட்டர் ஆரம்பத்தில் நேர வரிசையில்தான் காட்டியது, 2016-இல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் தரவரிசைக்கு மாறின. இது யாரோ செய்த சதி என்று நான் நினைக்கவில்லை. ஐந்நூறு பேரைப் பின்தொடர்ந்தால் எல்லாரும் போடுவதையும் யாராலும் படிக்க முடியாது, எதையாவது மேலே தூக்கி எதையாவது கீழே தள்ளத்தான் வேண்டும். கேள்வி, எந்த அளவுகோலை வைத்து என்பதுதான். லைக், பகிர்வு, பின்னூட்டம், எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள் என்பதெல்லாம் கணக்கு. ஏரி மதகு பற்றி இரண்டாயிரம் சொல்லில் எழுதிய ஒரு கட்டுரைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் யார் கொந்தளித்துப் பின்னூட்டம் போடப் போகிறார்கள்? படித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். 'சுட்டி முதல் கமெண்டில்' என்று முகநூலில் தமிழில் எழுதுகிற அத்தனை பேரும் போடுகிறார்களே, வெளியே கொண்டுபோகிற சுட்டி இருந்தால் பதிவை நிறையப் பேருக்குக் காட்டாது என்ற பயத்தில் வந்த பழக்கம் அது. ஒரு கருத்தை அதன் மூலத்தோடு இணைத்துக் காட்டுவதற்கே தயங்குகிற நிலைக்கு எழுதுகிறவர்கள் வந்துவிட்டார்கள், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, டைம்லைன் எங்கே ஜெயிக்கிறது? புது ஆளைக் கண்டுபிடிப்பதில். ஓடை வாசிப்பான் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவரை மட்டும்தான் காட்டும், தெரியாத ஒருவரை அது அறிமுகப்படுத்தாது. டைம்லைனில் நண்பரின் நண்பர் பகிர்ந்த ஒன்றிலிருந்து அருமையான ஓர் எழுத்துக்காரர் கிடைப்பார், எனக்கே அப்படிக் கிடைத்தவர்கள் நிறைய.

இந்த இடத்தில்தான் திரட்டி ஞாபகத்துக்கு வருகிறது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், ஓடை என்ற சொல்லையே கேள்விப்படாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓடையின் பலனைக் கொடுத்தது. உள்ளே நடந்தது அதே வேலைதான், வலைப்பூக்களின் ஓடைகளைப் படித்து ஒரே பக்கத்தில் அடுக்குவது. ஆனால் அது எல்லாருக்கும் பொதுவான முகப்பு, யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோவில் இருப்பவர், சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், மதுரைக்காரர் எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த மாதிரி. புதிதாக எழுத வந்தவரின் முதல் இடுகையும் சில நிமிடமாவது அங்கே முன்னால் நிற்கும். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக வைப்பார்கள். ஒருங்குறி (யூனிகோட்) இங்கே நிலைத்ததிலும் திரட்டிக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதினால் நாலு பேர் எழுத்தை ஒரே பக்கத்தில் சேர்க்கவே முடியாது.

திரட்டிக்கும் நோய் வந்தது. இடுகைக்கு வாக்குப் போடும் பட்டை வந்ததும் பின்னூட்டங்களில் 'த.ம. 1', 'த.ம. 7' என்று தமிழ்மணத்தில் வாக்குப் போட்ட கணக்கு ஏறத் தொடங்கியது, தலைப்பைச் சூடாக வைத்து ஆள் இழுக்கும் போட்டி வந்தது, இன்று டைம்லைன் பற்றிச் சொல்லும் குறைகளில் பாதியை நாம் அங்கேயே பார்த்துவிட்டோம். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது: எல்லாரும் பார்த்தது ஒரே பக்கம். எனக்கு ஒன்றும் உங்களுக்கு ஒன்றுமாக அது காட்டவில்லை, அதனால் நேற்று என்ன விவாதம் நடந்தது என்று இருவரும் பேசிக்கொள்ள முடிந்தது. கண்டுபிடிப்பதற்கு என்னைக் கேட்டால் டைம்லைனைவிடத் திரட்டிதான் மேல். அந்தப் புழக்கம் உள்ள திரட்டி இன்று தமிழில் இல்லை, இது பெரிய இழப்பு.

ஓடை தோற்கும் இரண்டாவது இடம் பதில் பேசுவது. வாசிப்பானில் படித்துவிட்டுப் பின்னூட்டம் போட, தளத்துக்குப் போய், பெயர் எழுதி, படத்தில் உள்ள எழுத்தைத் தட்டி, தளக்காரர் பார்த்து அனுமதிக்கும் வரை காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஒருவர் இடுகைக்கு இன்னொருவர் தன் வலைப்பூவிலேயே பதில் எழுதினால் முதலாமவருக்குத் தகவல் போகட்டும் என்று 2002-இல் டிராக்பேக் என்று ஒன்று வந்தது, எவ்வளவு நல்ல யோசனை, எரிதக் (ஸ்பேம்) கும்பல் புகுந்து அதை நாசம் செய்துவிட்டது. முகநூலில் ஒரு பின்னூட்டம் போடுவது இதைவிடப் பத்து மடங்கு சுலபம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த உரையாடல் எங்கே போய்ச் சேருகிறது என்றும் பாருங்கள். 2008-இல் ஒரு வலைப்பூவில் நடந்த எழுத்துச் சீர்திருத்த விவாதத்தை இன்றும் தேடி எடுத்து, இன்ன தேதியில் இன்னார் சொன்னது என்று சுட்டி கொடுக்க முடியும். மூன்று வருடத்துக்கு முன் முகநூலில் நடந்ததை எழுதினவரே தேடி எடுக்கத் திணறுவார், கடைசியில் யாரோ ஒருவரின் ஸ்கிரீன்ஷாட்தான் சாட்சி.

வாட்ஸ்அப் சானலும் டெலிகிராமும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறிவிப்புக்கு நல்லவை, கட்டுரைக்கு அல்ல, தலையும் வாலும் வெட்டப்பட்டு யார் எழுதியது என்றே தெரியாமல் ஃபார்வர்டு ஆவதுதான் அங்கே எழுத்தின் கதி.

மின்மடலை நான் மதிக்கிறேன், முக்கியமாக எழுதுகிறவர் பக்கம் நின்று பார்க்கும்போது. 2017-இல் சப்ஸ்டாக் என்ற மின்மடல் சேவை வந்த பிறகு எழுத்துக்கு நேரடியாகச் சந்தா வாங்கும் வழி பலருக்கும் திறந்தது. கட்டணச் சந்தாவில் பத்து சதவீதம் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல் எழுதுகிறவர் கையில் இருக்கிறது, நாளைக்கு வேறு இடத்துக்குப் போனாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ஓடையில் இது கிடையாது, வாசகர் எத்தனை பேர் என்பதே சரியாகத் தெரியாது, அந்த வகையில் எழுதுகிறவருக்கு ஓடை பெரிய தனிமை. வாசகர் பக்கம் வந்தால் கதை வேறு. கரண்ட் பில், வங்கி மடல், ஆபீஸ் மடல் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு நல்ல கட்டுரை மாட்டிக்கொண்டு நிற்கும், 'அப்புறம் படிக்கலாம்' என்று ஒதுக்கினால் முடிந்தது. ஜிமெயில் 2013-இல் கொண்டுவந்த ப்ரமோஷன்ஸ் தத்தலில் (டேப்) போய் விழுந்தால் பார்க்கவே மாட்டீர்கள். நீங்கள் மடலைத் திறந்தீர்களா என்று கண்காணிக்கும் வசதியும் பெரும்பாலான சேவைகளில் இருக்கிறது. ஒரு நல்ல செய்தி, சப்ஸ்டாக் மடல்களுக்கும் ஓடை உண்டு, இலவச மடல்களை நான் எல்லாம் வாசிப்பானிலேயே படித்துவிடுகிறேன்.

கூகுள் ரீடர் என்ற வாசிப்பானை மூடியபோதே ஓடை செத்துவிட்டதே என்று பலர் கேட்பார்கள். 2005 அக்டோபரில் வந்தது, 2013 ஜூலை 1-இல் மூடினார்கள், அதே வருடம் ஜூனில் ட்விட்டரும் தன் ஓடைகளை நிறுத்தியது, 2018-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் உள்ளே வைத்திருந்த ஓடை படிக்கும் வசதியை எடுத்துவிட்டது. அடிமேல் அடிதான். ஆனால் கவனியுங்கள், மூடியது ஒரு வாசிப்பான், ஓடைகள் அந்தந்தத் தளங்களில் அப்படியேதான் இருந்தன. தங்கள் பட்டியலை ஓபிஎம்எல் என்ற ஒரு சின்னக் கோப்பாக இறக்கி ஃபீட்லியிலோ வேறொன்றிலோ ஏற்றியவர்களுக்கு மறுநாளே எல்லாம் பழையபடி வந்தது. சமூக ஊடகம் ஒன்று மூடினால் அங்கே பின்தொடர்ந்த ஐந்நூறு பேரை எப்படித் தூக்கிக்கொண்டு போவீர்கள்? இன்னொன்று, பாட்காஸ்ட் கேட்கிறவர்கள் பலரும் இன்றைக்கும் ஓடையைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஒலிக்கோப்பை ஆர்எஸ்எஸ்ஸில் இணைத்து அனுப்பும் முறையின் மேல்தான் பாட்காஸ்ட்டே எழுந்தது.

தொடங்குவது கொஞ்சம் கஷ்டம் என்பது உண்மை. தளங்களில் ஓடைக்கென்று இருக்கும் ஆரஞ்சுப் பொத்தானை அமுக்கினால் திரை முழுக்கக் குறிகளாக வரும், பார்த்தவர் பயந்து மூடிவிடுவார். அதை அமுக்க வேண்டியதே இல்லை. ஆப்பிள் கருவி என்றால் நெட்நியூஸ்வயர் இலவசம், மற்றவர்களுக்கு ஃபீட்லி, இனோரீடர் போன்றவை இருக்கின்றன. வலைப்பூவின் முகவரியை அப்படியே ஒட்டினால் ஓடையை அதுவே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் feed என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்துப் பாருங்கள். பிபிசி தமிழுக்கு ஓடை இருக்கிறது, யூடியூப் சானல்களுக்கு இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை யாராவது திருத்தினால்கூட அதன் வரலாற்றுப் பக்கத்து ஓடை சொல்லிவிடும். முதலில் பத்துப் பேரைச் சேருங்கள், போதும். தினம் ஐம்பது செய்தி போடும் தளங்களை மட்டும் சேர்க்காதீர்கள், படிக்காதவை ஆயிரம் என்று எண் ஏறிக்கொண்டே போய் வெறுத்துவிடும்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று: பிளாகரில் வலைப்பூ வைத்திருந்தால் அமைப்பில் (செட்டிங்ஸ்) போய் ஓடை 'முழு' என்று இருக்கிறதா பாருங்கள், இரண்டு வரியோடு வெட்டாதீர்கள். முகநூலில் நீளமாக எழுதுவதையும் ஒரு பிரதி உங்கள் தளத்தில் போட்டு வையுங்கள்.

அந்த ஏரி மதகுக்காரருக்கு இந்தத் தடவை தளத்துக்கே போய்ப் பின்னூட்டம் எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. யாரும் படிப்பதில்லை என்று நினைத்துத்தான் அப்போது நிறுத்தினாராம், ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய அமைப்பான குமிழித் தூம்புகள் பற்றிக் குறிப்புகள் எடுத்து வைத்திருக்கிறாராம், எழுதுகிறேன் என்றார்.