ஷிஃப்ட் பட்டியலில் ஃபில்டர்: எக்செல், கூகுள் ஷீட்ஸ், தனிச் செயலி

திங்கட்கிழமை சி ஷிஃப்ட், அதாவது இரவு வேலை, இரவு 10 மணிக்கு ஏறி மறுநாள் செவ்வாய் காலை 6 மணிக்கு இறங்கும். பட்டியலில் அது திங்கட்கிழமைக் கணக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டு, காலை 6 மணிக்குத் தொடங்கும் ஏ ஷிஃப்டுக்கு ஆள் தேடினால், விடிய விடிய வேலை பார்த்தவரும் சும்மா இருப்பவராகத்தான் தெரிவார். நான் டைம் ஆபீஸில் (ஆட்களின் வருகை, நேரக் கணக்கு பார்க்கும் இடம்) இருந்த மில்லில் ஒரு தம்பியை இப்படித்தான் தொடர்ந்து 16 மணி நேரம் போட்டுவிட்டோம். அதிலிருந்து எந்த மென்பொருள் வந்தாலும் அதன் ஃபில்டரைத்தான் முதலில் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை என்று எழுதியதில் பிழையில்லை. நள்ளிரவுக்குப் பிறகு உழைத்த நேரத்தை முந்தைய நாளில் சேர்க்கச் சொன்னது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. அப்படி உழைத்தவருக்கு விடுமுறை நாள் என்பதும் ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்றது. ஆகவே தொடங்கும் தேதியை மட்டும் வைத்துச் சலிக்கும் ஃபில்டர் போதாது.

எக்செல்லில் இதற்கு வழி எளிது. ‘முடியும் நேரம்’ என்று தேதியோடு தனி நெடுவரிசை வைத்து அதையும் சலிக்கலாம். ஒரே ஆள் கையாளும் பட்டியலுக்கு இதுவே தாராளம். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மணியைக் கூட்டும்போது மட்டும் கவனம்: சம் (SUM) சூத்திரம் ஃபில்டர் மறைத்த வரிகளையும் சேர்த்துக் கூட்டும், சப்டோட்டல் (SUBTOTAL) தெரிகிற வரிகளை மட்டும் கூட்டும்.

சூப்பர்வைசர்கள் நாலு பேர் ஒரே பட்டியலைத் திறப்பதானால் கூகுள் ஷீட்ஸ் மேல். ஆனால் அதில் சாதாரண ஃபில்டர் எல்லார் திரையிலும் விழும். பேக்கிங்காரர் தன் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டால், ஸ்பின்னிங்காரருக்குத் தன் ஆட்களையே காணோம். ‘ஃபில்டர் வியூ’ போட்டால் அவரவர் பார்வை அவரவருக்கு. பிரிவுக்கு ஒன்றாகச் சேமித்து இணைப்பை அனுப்பிவிடலாம்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எழுதிய வரியைத்தான் சலிக்க முடியும். ஆள் போடாத இடம் வரியாகவே இருக்காது. தேவைப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்கூட்டியே ஒரு வரி போட்டு, பெயரைக் காலியாக விட்டு, காலியானவற்றைச் சலிப்பதுதான் மாற்று வழி. பல வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் ஷிஃப்ட்ஸ், வென் ஐ வொர்க் போன்ற செயலிகள் இங்கேதான் முந்துகின்றன. காலி ஷிஃப்ட் அவற்றில் தனி இனமாகவே இருக்கிறது. பிரிவு, வேலை வகை என்று சலிப்பதும் சுலபம். என்றாலும் பிரிவு ஃபில்டரில் ஆபத்து உண்டு: வேறு பிரிவுக்கு இரவல் போனவர் அந்தப் பார்வையில் மறைந்துவிடலாம். இரண்டு ஷிஃப்ட் மோதினால் எச்சரிக்கை வரும் என்று விற்பவர் சொல்வார். சி ஷிஃப்ட் 6 மணிக்கு முடிகிறது, ஏ ஷிஃப்ட் 6 மணிக்குத் தொடங்குகிறது, இரண்டும் மோதவில்லையே! இடையில் குறைந்தபட்ச ஓய்வு எவ்வளவு என்று கேட்டுத் தடுக்கும் விதி வேண்டும்.

ஐம்பது பேருக்குள், ஒரே இடம் என்றால் நான் ஷீட்ஸையே எடுப்பேன். அதற்கு மேல், பிரிவு விட்டுப் பிரிவு ஆள் மாறும் இடமென்றால் செயலிதான். விலை பேசுவதற்கு முன், சோதனைக் கணக்கில் ஒருவரைத் திங்கள் சி ஷிஃப்டிலும் செவ்வாய் ஏ ஷிஃப்டிலும் வெவ்வேறு பிரிவில் போட்டு, செவ்வாயை மட்டும் சலித்துப் பாருங்கள்.